மூன்று வேளை எச்சில்

இரண்டு வருடங்களுக்கு முன், ரமலான் மாதத்தின் மூன்றாவது வாரம். பூந்தமல்லியில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மாடிப்படியில் நேராக இறங்கமாட்டான், கைப்பிடியில் சறுக்கிக்கொண்டுதான் வருவான். ஆனால் பிறந்த இரண்டாவது வாரத்திலேயே வாந்தியெடுத்துத் துவண்டு, சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவன். சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். உயிர் வாழத் தேவையான ஒரு ஹார்மோனை அதுதான் சுரக்க வேண்டும். என் மகனுக்கு அது சுரக்காது. அதனால் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் மாத்திரை. ஆயுள் முழுக்க. விட்டால் உடம்பில் உப்பும் சர்க்கரையும் சரிந்து, மயங்கி, என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். அவனுக்கு நரம்பு கிடைக்காது. நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதிலேயே, வெள்ளைக் கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும் இரண்டு கைகளையும் மடக்கி அக்குளுக்குள் ஒளித்துக்கொள்வான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வெள்ளைச் சட்டை போட்டவர் உட்கார்ந்தால்கூட அப்படித்தான்.

அந்த வருடம் ஜனவரியில், நகருக்குள் இருக்கும் எங்கள் குழந்தைகள் டாக்டர் ஒரு புது விஷயம் சொன்னார். இவனைப் போன்ற குழந்தைகளுக்கு ரத்தத்துக்குப் பதிலாக எச்சிலை வைத்தே பார்க்க முடியுமா என்று ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்.

நான் அவரை ஒரு மாதிரி பார்த்தேன். எச்சிலா? அவன் கைக்குழந்தையாக இருந்தபோது என் தோளெல்லாம் வழியவிட்டது அதைத்தானே? அதில் என்ன இருக்கப்போகிறது?

அவர் பொறுமையாக விளக்கினார். ஹார்மோனாக மாற வேண்டிய மூலப்பொருள் ஒன்று இவன் உடம்பில் மாற முடியாமல் தேங்கிவிடும். மாத்திரை சரியாகப் போனால் தேக்கம் குறையும், போகாவிட்டால் கூடும். அந்த மூலக்கூறு மிகச் சின்னது. அதனால் ரத்தத்திலிருந்து கசிந்து எச்சிலிலும் வந்துவிடும்.

"எவ்ளோ இருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"செம்பரம்பாக்கம் ஏரி நெறஞ்சு நிக்கும்போது ஒரு சின்ன மூட்டை உப்பைக் கொண்டுபோய்க் கரைச்சா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த அளவு. அதை எங்க மெஷின் கண்டுபிடிச்சிடும்" என்றார்.

நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஊசி இல்லை என்றதும் ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி. காலையில் பல் துலக்கும் முன், சாயங்காலம் நாலு மணிக்கு, இரவு மாத்திரைக்கு முன். விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சு உருளை. அதை வாயில் போட்டு இரண்டு நிமிடம் மெல்ல வேண்டும். ஊறியதும் ஒரு குப்பிக்குள் போட்டு, நேரம் எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். எங்கள் ஃப்ரீசரில் வஞ்சிர மீன் துண்டுக்குப் பக்கத்தில் இவன் எச்சில் குப்பிகள் வரிசையாக நிற்கும். சனிக்கிழமை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் எடுத்துப் போவேன். பையில் என்ன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சமாக இருக்கும். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முதல் ஏழெட்டு வாரம் எல்லாம் சரியாக இருந்தது.

மதிய மாத்திரையைப் பள்ளிக்கூடத்து ஆயாம்மாதான் கொடுப்பார். காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் வருகிறவர். ஐம்பது வயதிருக்கும். ஒன்றாம் வகுப்பு முடிந்ததிலிருந்து இரண்டு வருடமாக அவர்தான் கொடுத்துவந்தார். இவனுக்கு என்ன நோய், மயங்கினால் என்ன செய்ய வேண்டும், என் கைப்பையில் எந்நேரமும் இருக்கும் அவசர ஊசி எதற்கு என்று எல்லாவற்றையும் முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். புரிந்ததா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ரமலான் வந்தது. வீட்டில் எல்லோரும் நோன்பு. மகனுக்கு மட்டும் இல்லை. நோயாளிகளுக்கு நோன்பு கடமையில்லை, நீ பெரியவனானதும் டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தோம். அவனும் சரி என்று கேட்டுக்கொண்டான். காலையில் மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போவான். சாயங்காலம் டிபன் பாக்ஸ் காலியாக வரும். வந்ததும் ஏதாவது கொடுத்தால், "ஸ்கூல்ல சாப்ட்டது வயிறு ஃபுல்லா இருக்கும்மா" என்பான். நோன்பு திறக்கும் நேரத்தில் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பான். கொஞ்சம் சோர்வாகத்தான் தெரிந்தான். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்குப் பஞ்சைக் கொடுத்தால் அது நனைவதற்கே ஐந்து நிமிடம் ஆனது. அதையும் வெயில் கணக்கில்தான் எழுதினேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு டாக்டரிடமிருந்து போன்.

"அம்மா, மதிய மாத்திரை அவன் உடம்புக்குள்ள போகவே இல்ல போலிருக்கு. காலையில எடுத்ததும் ராத்திரி எடுத்ததும் பழைய மாதிரிதான். நாலு மணி எச்சில்ல மட்டும் அளவு ரொம்ப ஏறியிருக்கு. ரெண்டு வாரமா இப்படித்தான். ஸ்கூல்ல யார் குடுக்குறாங்க?"

யார் கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. என் காதில் அது தீர்ப்பாகவே விழுந்தது. ஆயாம்மா மறந்துவிடுகிறார். அல்லது வேலைப் பளுவில் விட்டுவிடுகிறார். அந்த நிமிடமே பர்தாவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

தலைமையாசிரியை அறையில் வைத்து, இரண்டு டீச்சர்கள் முன்னிலையில் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. பையனுக்கு மாத்திரை குடுக்குறீங்களா இல்லையா?"

ஆயாம்மா திகைத்துப்போனார். "இன்னா பாயம்மா இப்டி கேக்குற? நான் என் கையால எத்து அந்தப் புள்ள வாய்ல போடுறேன். பாட்டில தொறந்து தண்ணி குடுக்கறேன். ரெண்டு வருசமா இதான நடந்துகினு கீது?"

"அப்ப அது எங்க போகுது? அவன் எச்சிலை டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. மாத்திரை போகலன்னு அதுல தெரிஞ்சிருச்சு."

"எச்சில்லயா?" என்று கேட்டவர், சுற்றியிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "ஒரு நாளு கூட மறந்தது இல்ல பாயம்மா. சத்தியமா."

"உங்க பிள்ளைக்குன்னா இப்படி அலட்சியமா இருப்பீங்களா?"

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். நோன்பு வைத்த வாயால் சொன்னேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாளையிலிருந்து வகுப்பு டீச்சரே மாத்திரை கொடுப்பார் என்று முடிவாயிற்று. ஒரு பெரிய பிரச்சினையைத் தீர்த்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் மகனிடம் கேட்டேன். "ஆயாம்மா தினமும் மாத்திரை குடுக்குறாங்களாடா?"

"குடுக்குறாங்களேம்மா" என்றான், ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல். அவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் ஒன்றே கால் மணி. ளுஹர் தொழுதுவிட்டு எழுந்தேன். போன் அடித்தது.

"பாயம்மா, புள்ள சுருண்டு உழுந்துட்டான். ஒரு ஊசி சொல்லுவியே, அத எத்துகினு ஓடியா. ஆட்டோ புடி. நிக்காத."

ஆயாம்மாவின் குரல். செருப்பு போட்டேனா என்று ஞாபகம் இல்லை. டிரங்க் ரோட்டில் அந்த நேரத்து நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை காலை வெளியே வைத்தேன். ஆட்டோக்காரர், "உக்காரும்மா, பூந்து பூந்து போயிடறேன்" என்று சந்து வழியாகத் திருப்பினார்.

பள்ளி வராந்தாவில் அவன் ஆயாம்மாவின் மடியில் கிடந்தான். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் சில்லென்று வியர்வை. கூப்பிட்டால் கண்ணை லேசாகத் திறந்து மூடினான். சுற்றிலும் டீச்சர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அந்த ஊசியைப் போட எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாத்துக்குடியில் குத்திப் பழகியிருந்தேன். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவன்மேல் போட நேர்ந்ததில்லை. பொடி இருக்கும் குப்பியில் தண்ணீரைக் கலந்தேன், குலுக்கினேன், ஏற்றினேன். அதுவரை சரி. அவன் தொடைக்கு அருகே இரண்டு தடவை கொண்டுபோய், இரண்டு தடவையும் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஆயாம்மா இடது கையால் அவன் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "குத்து பாயம்மா. நான் புடிச்சுகினு கீறேன். ஒண்ணும் ஆவாது, குத்து" என்றார்.

குத்தினேன்.

அங்கிருந்து பக்கத்து மருத்துவமனைக்குப் போனோம். ஆட்டோவில் அவன் தலை என் மடியில், கால் அவர் மடியில். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய வலது கை மூடியே இருந்தது. ஊசி போடும்போதும் அந்தக் கையை அவர் திறக்கவில்லை. இப்போது விரித்துக் காட்டினார். பாதி கரைந்து, ஈரத்தில் பிசுபிசுத்த ஒரு வெள்ளை மாத்திரை.

"நேத்து நீ அப்டி சொன்னியா, எனக்கு ராவெல்லாம் தூக்கம் புடிக்கல. நான் குடுத்த மாத்திரை எங்கதான் போவுது, இன்னிக்கிப் பாத்துடலாம்னு தூண் மறைவுல நின்னேன். டீச்சரு வாய்ல போட்டாங்க. புள்ள பாட்டில வாய்ல வச்சான். தொண்ட அசையல பாயம்மா. நேரா குழாயாண்ட போனான். துப்பிட்டான், மாத்திர, தண்ணி எல்லாத்தையும். இன்னாடான்னு கிட்ட போறதுக்குள்ள அங்கயே சாஞ்சிட்டான்."

அவர் நிற்கவில்லையென்றால், சாப்பாட்டு மணி முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு குழாய்க்குப் பின்னால் கிடந்தவனை யார், எப்போது பார்த்திருப்பார்களோ. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

உப்பும் சர்க்கரையும் கலந்த மருந்து நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சாயங்காலத் தொழுகையான அஸர் நேரத்துக்கு அவன் முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து, கையில் குத்தியிருந்த குழாயைப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"அம்மா, நோன்பு முறிஞ்சிருச்சா?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. கேட்கக் கேட்க அவன் சொன்னான், பிறகு எல்லாம் புரிந்தது. வீட்டில் காலைச் சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம் என்பதால், அது முடிந்ததிலிருந்து நோன்பு திறக்கும்வரை என்று அவனாகவே ஒரு நோன்பைக் கண்டுபிடித்திருக்கிறான். மதியச் சாப்பாட்டை நண்பனுக்குக் கொடுத்துவிடுவான். தண்ணீர் குடிப்பதுபோல நடிப்பான். மாத்திரையை நாக்குக்கடியில் வைத்திருந்து துப்பிவிடுவான். அந்தப் பங்குனி வெயிலில், தண்ணீர் ஒரு வாய் குறைந்தாலே ஆபத்து என்று நாங்கள் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை.

"ஏண்டா கண்ணு இப்படிப் பண்ணே?"

"நோன்பு வச்சுக் கேட்டா அல்லாஹ் குடுப்பான்னு சொன்னாங்க. எனக்கு மாத்திரை வேணாம்னு கேட்டேம்மா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டிலின் மறுபக்கம் நின்ற ஆயாம்மா, "அடப்பாவி, அதுக்கு என்ன மாட்டி வுட்டியேடா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார்.

என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார். அதற்குள் ஆயாம்மா கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். நோன்பு திறக்கும் மக்ரிபு பாங்கு சொன்னபோது கையில் தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமுமாக வார்டுக்குள் வந்தார்.

"பாங்கு சொல்லிட்டாங்க. காத்தாலேர்ந்து ஒண்ணும் துன்னாம கீற. மொதல்ல இத குடி."

அந்தத் தண்ணீரால் நோன்பு திறந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "புள்ளையப் பெத்தவ, பதறத்தான் செய்வ. ஆனா அத்தினி பேர் முன்னால கேட்டுட்ட பாரு" என்றார். மறுவாரம் அதே அறைக்குப் போய், அதே டீச்சர்கள் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது மட்டும் என்னால் ஒழுங்காகச் செய்ய முடிந்த காரியம்.

பெருநாள் முடிந்து டாக்டரிடம் போனோம். கம்ப்யூட்டரில் எங்கள் எச்சில் கணக்கைக் காட்டினார். காலைக்கு ஒரு நிறப் புள்ளி, நாலு மணிக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஜனவரியிலிருந்து நாலு மணிப் புள்ளிகள் தரையோடு தரையாக ஒரே வரிசையில் போகின்றன. ரமலான் தொடங்கிய வாரத்தில் சட்டென்று எழும்பி, அவன் விழுந்த வாரம்வரை மேலேயே நிற்கின்றன. நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கீழே.

"இந்த நாள் மட்டும் மாத்திரை போயிருக்கு. என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

போனில் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அன்று பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் நானே மதிய மாத்திரையைக் கொடுத்து, அவன் விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரு குழந்தை குழாயடியில் துப்பியது, லீவு நாளில் அம்மாவுக்குப் பயந்து விழுங்கியது, எல்லாம் அதில் இருக்கிறது. சட்டையில் துடைத்துப் போடும் ஒரு சொட்டு ஈரத்தில். மகனும் எட்டிப் பார்த்தான். கைகளை அக்குளுக்குள் ஒளிக்கவில்லை, திரையிலேயே விரலை வைத்தான்.

"நான் துப்புனது எச்சிலுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

"அதுக்கு எல்லாம் தெரியும். இனிமே நீ என்கிட்ட எதையும் மறைக்க முடியாது" என்றார் டாக்டர். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம்.

படைத்தவன் ஒரு சின்ன உடம்புக்குள் எத்தனை நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கிறான், அதைப் படிக்க மனிதனுக்கு எப்படியொரு அறிவைக் கொடுத்திருக்கிறான் என்று அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தேன். அந்த வியப்பு இன்னும் குறையவில்லை. இப்போது அவனுக்குப் பத்து வயது. மூன்று வேளையும் மாத்திரை போடுகிறான், நன்றாக இருக்கிறான். ஆயாம்மாதான் மதியம் கொடுக்கிறார். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்.

ஒன்றை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்: மாத்திரை உள்ளே போகவில்லை என்பதை மட்டும்தான் அந்த எச்சில் சொன்னது, யார் மேல் தப்பு என்று அது சொல்லவே இல்லை; அதை நானாகச் சேர்த்துக்கொண்டு போய்ச் சுட்டிக்காட்டிய அதே மனுஷியின் கைதான் மறுநாள் என் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தைரியமாக ஊசி போட வைத்தது.